திரைமறைவில் ஆட்டுவிப்பவர்: தஞ்சை வட்டார மரப்பாவைக் கூத்தின் இயக்கமுறை

தமிழகப் பாவைக்கூத்து பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் சென்றுள்ளன. இலக்கியச் சான்றுகளைக் கொண்டு கூத்தின் தொன்மையை நிறுவுவது ஒன்று. நிகழ்த்தப்படும் கதைகளைத் தொகுத்துப் பனுவலாக ஆராய்வது மற்றொன்று. பாவையை ஆட்டுவிப்பவர் திரைக்குப் பின்னால் என்ன செய்கிறார், அவருடைய தலையும் கையும் காலும் தமக்குள் வேலையை எவ்வாறு பகிர்ந்துகொள்கின்றன என்னும் வினா இவ்விரண்டிலும் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது. கும்பகோணத்தை மையமாகக் கொண்டு தஞ்சை, மயிலாடுதுறைப் பகுதிகளில் வழங்கிவரும் மரப்பாவைக் கூத்தைப் பொறுத்தவரை இது சிறிய விடுபாடு அன்று. அக்கூத்தின் தனித்தன்மையே ஆட்டுவிப்பவரின் உடலில்தான் உள்ளது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இலக்கியச் சான்றும் அதன் எல்லையும்

திருக்குறளில் மரப்பாவை உவமையாக வரும் இடங்கள் (1020, 1058) பலராலும் எடுத்தாளப்படுவன. நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறள், உள்ளத்தில் நாணமற்றவரின் நடமாட்டத்தை, கயிற்றால் இயங்கி உயிருள்ளதுபோல் மயக்கும் பாவையோடு ஒப்பிடுகிறது. நாண் என்னும் சொல் வெட்கத்தையும் கயிற்றையும் ஒருங்கே சுட்டுவது இங்குச் சிறப்பாகப் பயன்பட்டுள்ளது. கயிற்றால் மரப்பாவை ஆட்டும் வழக்கம் அக்காலத்தில் நன்கறியப்பட்டிருந்தது என்பதற்கு இது போதிய சான்று. ஆயினும் இன்றைய காவிரிப்படுகைக் கூத்து அதே வடிவில் அன்றே இருந்தது என்று இதைக்கொண்டு துணிய இயலாது. குறள் கயிற்றை மட்டுமே சுட்டுகிறது. இக்கூத்தோ கயிற்றையும் கோலையும் சேர்த்துக் கையாள்வது.

சிலப்பதிகாரம் கூறும் பதினோராடலுள் திருமகள் ஆடிய ‘பாவை’யையும் சிலர் இக்கூத்தின் முன்வடிவமாகக் காட்டுவதுண்டு. அது பாவை வடிவில் ஒருத்தி ஆடும் ஆடல். பாவையை ஒருவர் ஆட்டுவிக்கும் கூத்து அன்று. சொல்லொற்றுமை ஒன்றையே பற்றி இரண்டையும் இணைப்பது பொருந்தாது.

தலை, கை, கால்

இக்கூத்தின் பாவைகள் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கப்படுகின்றன. அவ்வாறிருந்தும் பெரிய பாவை நாலரை அடி உயரமும் ஏறத்தாழ 10 கிலோ எடையும் உடையதாக அமையும். இந்திய மரபுவழிக் கயிற்றுப்பாவைகளுள் மிகப் பெரியனவும் கனமானவையும் இவையே என்பர். ராஜஸ்தானத்துக் கட்புத்லி பாவைக்குக் கால்கள் இல்லை. நீண்ட பாவாடை அக்குறையை மறைக்கிறது. அதன் இரண்டு முதல் ஐந்து வரையிலான கயிறுகளை ஆட்டுவிப்பவர் தம் விரல்களிலேயே கட்டிக்கொள்ள முடிகிறது. 10 கிலோ எடையை அவ்வாறு விரலில் தாங்க முடியாது.

இதற்குக் காவிரிப்படுகைக் கலைஞர் கண்ட தீர்வு எளியது. பாவையின் உடலைத் தாங்கும் கயிறுகள், ஆட்டுவிப்பவர் தலையில் முடிபோல் அணியும் துணி சுற்றிய இரும்பு வளையத்தில் கட்டப்படுகின்றன. நெற்கட்டைச் சுமப்பவர் தலையில் வைக்கும் சும்மாட்டை இது நினைவூட்டுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என்று கூறுவதற்கில்லை, ஆனால் தலைச்சுமை பழகிய வட்டாரம் இது. எடை தலைக்குச் சென்றுவிடுவதால் இரு கைகளும் விடுபடுகின்றன. அக்கைகள் பாவையின் கைகளில் பொருத்தப்பட்ட கோல்களைப் பற்றி முத்திரையையும் கைவீச்சையும் இயக்குகின்றன. ஆட்டுவிப்பவர் தலையசைத்தால் பாவை அசைகிறது. அவர் இடுப்பு வளைந்தால் பாவை தாழ்கிறது. காலில் சலங்கை கட்டி அவரே தாளத்திற்கு அடி வைக்கிறார். அவையோர் பாவையின் பாதத்தைப் பார்க்கின்றனர்; கேட்பதோ மனிதரின் சலங்கையை. ஆகவே ஆட்டுவிப்பவர் இங்குக் கயிறு இழுப்பவர் அல்லர், தாமே ஆடுபவர். இக்கூத்தைக் ‘கயிற்றுப்பாவை’ என்று மட்டும் வகைப்படுத்துவது அவருடைய பணியில் பாதியை விட்டுவிடுகிறது.

தோற்பாவை நிழற்கூத்தில் இப்பங்கீடு முற்றிலும் வேறு. தஞ்சை மராட்டியர் ஆட்சியோடு (1676-1855) தொடர்புபடுத்தப்படும், மராத்தி பேசும் மண்டிகர் சமூகத்தாரின் அக்கலையில் முதன்மைக் கலைஞர் ஒருவரே பல பாத்திரங்களுக்கும் குரல் மாற்றிப் பேசிக்கொண்டு தோற்படங்களையும் அசைக்கிறார். அங்குச் சுமை குரலின்மீது விழுகிறது. அக்கலை மு. இராமசாமி போன்றோரின் விரிவான ஆய்வைப் பெற்றது. மரப்பாவைக் கூத்து அந்த அளவிற்குப் பெறவில்லை.

காணாத முகம்

மறைந்திருந்து ஆட்டும் கலைஞரின் சிக்கல் உலகப் பொதுவானது. 1969-இல் அமெரிக்காவில் தொடங்கி இன்றளவும் நீடிக்கும் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்னும் சிறுவர் தொலைக்காட்சித் தொடர் இதற்கு நல்ல ஒப்பீடாகும். அதில் 8 அடிக்கு மேல் உயரமுள்ள ‘பிக் பேர்ட்’ பறவையை 1969 முதல் 2018 வரை இயக்கியவர் கேரல் ஸ்பின்னி. பறவையின் உடலுக்குள் நின்று, வலக்கையை உயரத் தூக்கி அதன் தலையை அவர் ஆட்டினார். வெளியே எதுவும் தெரியாததால் மார்பில் சிறிய தொலைக்காட்சித் திரை ஒன்றைக் கட்டியிருந்தார். ஜிம் ஹென்சனின் மப்பெட் பாவைகளை இயக்குவோரும் கையைத் தலைக்குமேல் தூக்கி, கீழே வைத்த திரையில் தம் பாவையைப் பார்த்தே நடிக்கின்றனர். பார்வையாளர் காணும் அதே முகத்தை அவர்களும் காண்கின்றனர்.

கும்பகோணத்துக் கலைஞருக்கு அந்த வசதி இல்லை. பாவைக்குப் பின்னால் குனிந்து நிற்கும் அவர் காண்பது அதன் உச்சியும் முதுகும்தான். அரிச்சந்திரனின் துயரம் அவையில் எப்படித் தெரிகிறது என்பதைக் கயிற்றின் இழுவையாலும் கோலின் எதிர்ப்பாலும் பக்கவாத்தியத்தின் தாளத்தாலும் உணர்ந்தே அவர் திருத்திக்கொள்ள வேண்டும். இவ்வறிவு பெரும்பாலும் சொல்லால் கற்பிக்கப்படுவதன்று; வளையத்தைத் தலையில் ஏற்றிப் பழகுவதால் வருவது.

ஆவணப்படுத்தலின் குறை

கும்பகோணத்தில் மணி ஐயரின் மங்கள கான பொம்மலாட்ட சபை, ஸ்ரீ முருகன் சங்கீத பொம்மலாட்ட சபை போன்ற குழுக்கள் கோயில் திருவிழா மேடைகளைக் கடந்தும் இக்கலைக்குப் பெயர் தேடித் தந்தன. நிகழ்ச்சிகளைப் படம்பிடிப்பவர்கள் அவையின் பக்கத்தில் ஒளிப்படக்கருவியை நிறுத்துவதே வழக்கம். அப்பதிவில் விநாயகர் பூசை உண்டு, கோமாளி உண்டு, பாட்டும் கதையும் முழுமையாக உண்டு. கறுப்புத் திரைக்குப் பின்னால் நடந்தது எதுவும் இல்லை. அருங்காட்சியகத்தில் ஆணியில் தொங்கும் பாவையும் வளையத்தைப் பிரிந்த நிலையில் ராஜஸ்தானப் பாவையின் பெரிய உருவமாகவே தோன்றும்.

கதைப் பாடத்தை இழந்தாலும் அரிச்சந்திரன், வள்ளி திருமணம் முதலியவற்றை வேறு மரபுகளிலிருந்து மீட்டெடுக்கலாம். இயக்கமுறைக்கு அத்தகைய மாற்றுப்பாடம் கிடையாது. எனவே இனி மேற்கொள்ளும் களப்பதிவுகளில் ஒரு கருவியேனும் திரைக்குப் பின்னால் நிற்க வேண்டும். வளையத்தின் சுற்றளவு, எடை, துணி சுற்றும் முறை, ஒவ்வொரு கயிறும் பாவையில் சேரும் இடம், கோல்களின் நீளம், ஆட்டுவிப்பவரின் அடவு வரிசை, ஒரு பாவையை அவர் இறக்கி வைக்காமல் ஆடும் நேரம் ஆகியவை கதைச்சுருக்கத்திற்கு முன்பாகவே குறிப்பேட்டில் இடம்பெற வேண்டும்.