சட்டம் எட்டிப் பார்க்காத எட்டு ஆண்டுகள்

தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் (என்.ஐ.ஓ.எஸ்.) பத்தாம் வகுப்புச் சேர்க்கைக்குக் கடைசி நாள் நெருங்க நெருங்க, வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி விதவிதமாக வருகிறது: “பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைக்கிறோம். சட்டப்படி சரிதானா?”

சரி என்று எந்தச் சட்டமும் பொதுவாகச் சொல்லவில்லை. 6 முதல் 14 வயதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவு. கடமை தவறினால் தண்டனை என்ன என்று தேடினால், சட்டம் முழுக்கப் புரட்டினாலும் கிடைக்காது. ஆனால் அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆக, உங்கள் பிள்ளைக்கு நீங்களே சொல்லிக்கொடுத்தால் கேட்பாரில்லை. தெருப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு வாசலில் போர்டு மாட்டினால் வம்பு வரலாம். ‘வீட்டுக் கல்விக்குத் தடையில்லை’ என்று அதிகாரிகள் சொல்வதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்டுகொள்ள மாட்டோம் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

இதன் உச்சத்தை என்.ஐ.ஓ.எஸ். விண்ணப்பத்தில் பார்க்கலாம். பத்தாம் வகுப்பில் சேர 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் கொடுக்கலாம். இல்லையா? இந்தப் படிப்புக்குத் தேவையான அளவு படித்திருக்கிறேன் என்று சுய உறுதிமொழி கொடுத்தால் போதும். எட்டாண்டுப் பள்ளிப் படிப்பைக் கடமையாக்கிய அதே மத்திய அரசின் நிறுவனம், அந்த எட்டாண்டுக்கும் ஈடாக ஒரு வரியை வாங்கிக்கொள்கிறது.

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். படிப்பைப் பாதியில் விட்டுக் கல்யாணமாகிப் போன பெண்ணும், கூலி வேலையிலிருந்து திரும்பிய இளைஞரும் இதனால்தான் மறுபடி பரீட்சை எழுத முடிகிறது. ஆனால் ஆறு வயதில் வீட்டில் நிறுத்தப்பட்ட பிள்ளையைப் பதினான்கு வயதுவரை வெளியார் யாரும் பார்க்க வேண்டியதே இல்லை. வீட்டுக் கல்விக்கென்று பதிவேடு கிடையாது. பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வருபவரிடம் ‘வீட்டிலேயே படிக்கிறான்’ என்று சொன்னால், அதைச் சோதிக்கச் சட்டம் ஒரு அளவுகோலும் தரவில்லை.

இதோடு 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது அது. பள்ளிக்கே போகாத பிள்ளைக்குப் பள்ளி நேரம் எப்போது முடியும்? திருப்பூரில் ஒரு வீட்டில் பனியன் பிசிர் வெட்டும் பத்து வயதுச் சிறுமியும், கோவையில் அப்பாவோடு ரோபோ செய்யும் பத்து வயதுச் சிறுவனும் அரசின் கணக்கில் பள்ளி செல்லாப் பிள்ளைகள், அவ்வளவே.

வீட்டுக் கல்வி ஆதரவாளர்கள் ஓயாமல் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. மும்பையில் வீட்டில் படித்த ஒரு மாணவி, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள் இல்லாமலே 2016-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சேர்ந்தார், அதற்கு முன்பு அவரை ஏற்றுக்கொண்டது சிறுசேரியிலுள்ள சென்னை கணிதவியல் நிறுவனம். அவர் சர்வதேச கணினி ஒலிம்பியாடில் மூன்று பதக்கம் வென்றவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பள்ளியில் அடியும் கேலியும் தாங்காமல் நின்ற பிள்ளைகளுக்காக எழுதும் பெற்றோரின் வாதம்தான் எனக்குக் கனமாகப் படுகிறது. எதிர்வாதமும் லேசானதல்ல: வேறு சாதிப் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்காரும் வாய்ப்பும், உடம்பில் காயம் கண்டால் ஏன் என்று கேட்க ஓர் ஆசிரியரும் வீட்டில் இல்லை. தடை வேண்டாம், ஆண்டுக்கொரு முறை பதிவும் நேர்சந்திப்பும் கட்டாயமாக வேண்டும்.

மற்ற கேள்விகள்:

மாற்றுத்திறன் பிள்ளைகள்? கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடு இருந்தால், கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தப்படி வீட்டிலிருந்தே கற்பது அவர்கள் உரிமை.

நடுவில் பள்ளியில் சேர்க்கலாமா? வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தாக வேண்டும். வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது.

நீட்? எழுதலாம், திறந்தநிலைப் பள்ளி மாணவர்களுக்கு இருந்த தடையை 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் நீக்கியது.

என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்பில் எத்தனை பாடம்? குறைந்தது ஐந்து, தமிழையும் எடுக்கலாம்.

தேறாவிட்டால்? ஐந்தாண்டில் ஒன்பது வாய்ப்புகள்.

ஏஜென்ட் தேவையா? இல்லை. என்.ஐ.ஓ.எஸ். இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம்; ‘பத்தாவது பாஸ் உத்தரவாதம்’ என்று நோட்டீஸ் ஒட்டும் டுடோரியலுக்குப் பணம் கட்டாதீர்கள்.