கைப்பேசி விசைப்பலகையும் அங்கத்தினரின் அந்தரங்கமும்

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் இருப்பு என்பது ரொக்கமும் சரக்கும் மட்டுமே என்று எண்ணிவிடலாகாது. அங்கத்தினர்கள் நம்பி ஒப்படைத்த விவரங்களும் சங்கத்தின் இருப்பேயாகும். எவர் எவ்வளவு கடன் பெற்றார், எவர் தவணை தவறினார், எவருடைய ஆதார் எண் யாது என்பவையெல்லாம் முன்னாளில் பீரோவில் பூட்டிவைத்த பேரேடுகளில் இருந்தன. இன்று அவற்றுள் பெரும்பகுதி கைப்பேசி வழியே போய் வருகின்றது. குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்யும் அங்கத்தினர் பாவு நூல் வந்துவிட்டதா என்று சங்கத்தைக் கேட்பதும், சிதம்பரத்தை அடுத்த நெல் விவசாயி பயிர்க்கடனுக்கான விவரங்களை அனுப்புவதும், பண்ருட்டிப் பலாத் தோட்டக்காரர் வியாபாரியிடம் விலை பேசுவதும் கைப்பேசியில் எழுதித்தான் நடைபெறுகின்றன.

கடலூர், சிதம்பரம் வட்டாரச் சங்கங்களுக்குச் செல்லும்போது, கைப்பேசியின் விலையைப் பற்றியும் மாதச் சந்தாவைப் பற்றியும் அங்கத்தினர்கள் விரிவாகப் பேசக் கேட்கிறோம். எழுதுவதற்குப் பயன்படும் விசைப்பலகையைப் பற்றி எவரும் வினவக் காணோம். அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

விசைப்பலகை செய்யும் வேலை

கைப்பேசித் திரையில் தோன்றும் எழுத்துப் பலகை உண்மையில் தனியான ஒரு செயலி. நாம் தொடும் எழுத்து ஒவ்வொன்றும் முதலில் அதனிடமே செல்கிறது. அதன் பின்னரே வாட்ஸப்புக்கோ வங்கிப் பக்கத்துக்கோ போய்ச் சேருகிறது. தாலுகா அலுவலக வாசலில் அமர்ந்து மனு எழுதித் தருபவரை இதற்கு ஒப்பிடலாம். நாம் சொல்வதனைத்தையும் அவர் கேட்டே தீர வேண்டும். அவர் யோக்கியராயின் யாதொரு கெடுதியுமில்லை. ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு நகல் எடுத்து வெளியே விற்பவராயின், உறைக்கு எத்தனை அரக்கு முத்திரை வைத்தும் பயனில்லை. வாட்ஸப் செய்தி வழியில் எவரும் படிக்கவொண்ணாதபடி மறையாக்கம் செய்யப்படுகிறது என்பது மெய்தான். ஆனால் விசைப்பலகை அச்செய்தியை மறையாக்கத்துக்கு முன்பே அறிந்துகொள்கிறது.

ஆண்டிராய்டு கைப்பேசியில் புதிய விசைப்பலகை ஒன்றை இயக்கும்போது, கடவுச்சொல், அட்டை எண் உள்ளிட்ட நாம் எழுதும் யாவற்றையும் அது சேகரிக்கக்கூடும் என்று கைப்பேசியே எச்சரிக்கிறது. நம்மில் பெரும்பாலோர் அதைப் படியாமலே ‘சரி’ என்று அழுத்திவிடுகிறோம். ஐபோனில் ‘முழு அணுகல்’ என்ற அனுமதியைத் தராவிடில், வெளியாரின் விசைப்பலகை தான் அறிந்ததை இணையத்துக்கு அனுப்ப இயலாது.

யு.பி.ஐ. பணப் பரிமாற்றத்தின் இரகசிய எண்ணைக் குறித்து இங்கு அஞ்ச வேண்டியதில்லை. தேசியப் பணக்கொடுப்புக் கழகம் அதற்கெனத் தனி எண்பலகையை அமைத்திருக்கிறது. ஆனால் இணைய வங்கியின் கடவுச்சொல்லும், கையால் எழுதும் ஓ.டி.பி. எண்ணும், ஆதார் எண்ணும், குடும்பச் செய்திகளும் சாதாரண விசைப்பலகையின் வழியாகவே செல்கின்றன.

நடந்த நிகழ்ச்சிகள் சில

இவை வீண் அச்சம் அல்ல என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகளைக் கூறுவோம். 2016ஆம் ஆண்டு ஜூலையில் ஸ்விஃப்ட்கீ விசைப்பலகையைப் பயன்படுத்திய சிலருக்கு, முன்பின் அறியாதவர்களின் மின்னஞ்சல் முகவரிகள் சொற்பரிந்துரையாகத் தோன்றின. நிறுவனம் அதன் ஒத்திசைவுச் சேவையை நிறுத்திவைத்தது. 2017 டிசம்பரில் ஏ.ஐ.டைப் என்ற விசைப்பலகை நிறுவனத்தின் தரவுக் கிடங்கு கடவுச்சொல்லின்றித் திறந்து கிடந்தது அம்பலமாயிற்று. சுமார் 3 கோடியே 10 இலட்சம் பேருடைய பெயர், தொலைபேசி எண் போன்றவை அதில் இருந்தன. 2024 ஏப்ரலில் கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள், சீன மொழி எழுதும் விசைப்பலகைகளை ஆராய்ந்தனர். ஒன்பது நிறுவனங்களுள் எட்டின் விசைப்பலகைகளில், எழுதியவை இணையத்தில் செல்லும் வழியிலேயே பிறர் படிக்கக்கூடிய பழுது காணப்பட்டது. இது சீன மொழிப் பதிப்புகளைப் பற்றிய முடிவேயன்றித் தமிழைப் பற்றியதன்று. எனினும், பெரிய நிறுவனம் என்பதாலேயே காப்பு உறுதியாகிவிடாது என்ற பாடம் நமக்கும் உரியது.

தமிழில் எழுத வழிகள்

‘தமிழ் வந்தால் போதும்’ என்று கண்ணிற்பட்ட செயலியை ஏற்றிக்கொள்வதே நம்மவர் வழக்கமாயிருக்கிறது. இதற்கு இன்று அவசியமேயில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 என்ற பொது விசை அமைப்பு உருவாயிற்று. உயிரெழுத்துக்கள் இடப்புறமும் மெய்யெழுத்துக்கள் பெரும்பாலும் வலப்புறமும் அமைந்த எளிய முறை அது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005இல் வெளியிட்ட செல்லினம், கைப்பேசியில் தமிழ் எழுதுவதற்கு வழிகாட்டியது. இன்று ஐபோனில் தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரு முறைகளும் உடன்வருகின்றன. கூகிளின் ஜிபோர்டிலும் தமிழ் இருக்கிறது.

இவையன்றித் திறந்தமூலச் செயலிகளும் உள்ளன. இவற்றின் உள்ளமைப்பை அறிந்தவர் எவரும் பரிசோதிக்கலாம். சங்கக் கணக்குகளை அங்கத்தினர் பார்வைக்குத் திறந்து வைப்பது எவ்வாறோ, அவ்வாறே இதுவும். இந்திய மொழிகளுக்கென இண்டிக் ப்ராஜெக்ட் என்னும் குழுவினர் ஆக்கிய இண்டிக் கீபோர்டு அவற்றுள் ஒன்று. ஹெலிபோர்டு மற்றொன்று. இது இணைய அனுமதியையே கேட்பதில்லை. வெளியே செல்லக் கதவில்லாதபோது களவு போவதற்கும் வழியில்லை. எஃப்-டிராய்டு என்ற இணையக் களஞ்சியத்தில் இதனைப் பெறலாம்.

ஆனால் சிக்கனத்திலும் ஒரு செலவு உண்டு. ஹெலிபோர்டில் சொற்பட்டியலை நாமே தனியாகச் சேர்க்க நேரிடும். பேசினால் எழுதும் வசதியும் தன்னுள் இல்லை. கண்பார்வை மங்கிய முதிய நெசவாளருக்கு அவ்வசதி பெரும் உதவி என்பதை மறுப்பதற்கில்லை. அத்தகையோர் அதைக் கைவிட வேண்டுமென நாம் கூறவில்லை. குரல் பெரும்பாலும் நிறுவனத்தின் கணினிக்கே சென்று எழுத்தாகிறது என்பதை மனத்திற்கொண்டு, ஆதார் எண், கணக்கு எண் ஆகியவற்றை மட்டும் பேசாமல் கையால் எழுதுவார்களாக.

தேர்வுக்கு ஐந்து விதிகள்

1. ஆக்கியவர் யார் என்று பாருங்கள். வண்ணப் படங்களும் விளம்பரங்களும் நிறைந்து, முகவரி தெரியாத செயலியை விலக்குங்கள்.

2. கேட்கும் அனுமதிகளைக் கவனியுங்கள். எழுத்துப் பலகைக்கு நம் இருப்பிடம் எதற்கு? ஆண்டிராய்டில் இணைய அனுமதி நம்மைக் கேளாமலே வழங்கப்படுகிறது. ஆகையால் செயலியின் விவரப் பக்கத்தில் அதனைத் தேடிப் பார்க்க வேண்டும். பிளே ஸ்டோரில் காணும் தரவுப் பாதுகாப்புக் குறிப்பு ஆக்கியவரின் சுய வாக்குமூலமே, தணிக்கை அறிக்கையன்று.

3. முன்பே உள்ள விசைப்பலகையின் அமைப்புகளில், பயன்பாட்டு விவரங்களைப் பகிர்தல், ஒத்திசைவு ஆகியவற்றை நிறுத்துங்கள். கற்றுக்கொண்ட சொற்களை அவ்வப்போது அழித்துவிடுங்கள்.

4. பயன்படாத பழைய விசைப்பலகைகளை நீக்கிவிடுங்கள்.

5. வாட்ஸப்பில் வரும் இணைப்பைத் தொட்டு எந்தச் செயலியையும் ஏற்றாதீர்கள். பணம் பறிபோனதாக அறிந்தால் காலதாமதமின்றி 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

நிர்வாகக் குழுவினருக்கு

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. தனிமனிதர் ஒருவர் அசட்டையாயிருந்தால் இழப்பு அவரோடு நிற்கக்கூடும். சங்கச் செயலாளரின் கைப்பேசியில் எழுதப்படுவதோ நூற்றுக்கணக்கான குடும்பங்களின் விவரம். தவணை தவறிய நெசவாளரின் பெயரும் எண்ணும் வெளியாருக்குக் கிட்டினால், கடன் தீர்த்து வைப்பதாகக் கூறி அவரை ஏமாற்ற வருவோருக்கு அதுவே கருவியாகும். தம் விவரம் எங்கிருந்து கசிந்தது என்பதை அவர் அறியவும் மாட்டார்.

ஆகவே, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இப்பொருளையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். சங்க அலுவலுக்குப் பயன்படும் கைப்பேசிகளில் எந்த விசைப்பலகை இருக்க வேண்டும் என்று தீர்மானம் இயற்றி, அதைக் குறிப்பேட்டில் பதிவு செய்யட்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. அரைமணி நேரம் போதுமானது.