ஆர்.சி. புக் இல்லாத கார்: அமெரிக்காவில் ஏழு மாத அலைச்சல்

"ஏல, ஆர்.சி. புக் இல்லாத வண்டியையா வாங்கிப் போட்டிருக்க?"

பாளையங்கோட்டையில் இருந்து வாட்ஸ்அப் வீடியோவில் அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். நான் ஆசையாகக் காட்டியது, டெக்சாஸில் எங்கள் வீட்டு கராஜில் தூசியும் துருவுமாக நின்ற 1972 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார். அவர் காரைப் பார்க்கவே இல்லை, பேப்பரைத்தான் கேட்டார். அது எவ்வளவு சரியான கேள்வி என்று எனக்குப் புரிய ஏழு மாதம் ஆனது.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். பகல் முழுக்க நான் செய்கிற வேலையைக் கையால் தொட முடியாது. ஒரு பழைய காரை வாங்கி, சனி ஞாயிறில் நானே பிரித்துப் பூட்ட வேண்டும் என்பது காலேஜ் நாளில் இருந்தே ஆசை. பீட்டில் அதற்கு ஏற்ற வண்டி. இன்ஜின் பின்னால் இருக்கும், ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே குளிரும். உதிரி பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. 1972 பிப்ரவரி 17-ல் 15,007,034-வது பீட்டில் வெளியே வந்து, ஃபோர்டு 'மாடல் டி'யின் உற்பத்திச் சாதனையை முறியடித்தது. அதே வருஷத்து மாடல் என்றதும் மயங்கிவிட்டேன்.

விற்றவர் எழுபது தாண்டிய அமெரிக்கப் பெரியவர். 20 வருஷத்துக்கு முன் நண்பரிடம் வாங்கியதாம். கொட்டகையில் நிறுத்தியவர் பிறகு எடுக்கவே இல்லை. பெயர் மாற்றவும் இல்லை. நண்பரும் இறந்துவிட்டார். 3,200 டாலர் கொடுத்தேன். ஒரு தாளில் விற்பனை விவரம் எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது போதும் என்று நினைத்தேன்.

போதவில்லை. கவுண்டி அலுவலக கவுன்டரில் இருந்த அம்மா தாளைப் பார்த்துவிட்டு, "டைட்டில் எங்கே?" என்றார்.

நம்ம ஊரில் ஆர்.சி. ஒன்றே இரண்டு வேலையையும் பார்க்கிறது. இங்கே அப்படி இல்லை. சாலையில் ஓட்டுவதற்கு ரெஜிஸ்ட்ரேஷன் தனி, வண்டி யாருடையது என்று சொல்லும் டைட்டில் தனி. டைட்டிலில் பெயர் உள்ளவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அடுத்தவருக்குப் பெயர் மாறும். எனக்கு விற்ற பெரியவரின் பெயர் அதில் ஏறவே இல்லை. சட்டப்படி பார்த்தால், தன் பெயரில் இல்லாத காரை அவர் எனக்கு விற்றிருக்கிறார்.

முதலில் நேர் வழியில் முயன்றேன். பழைய உரிமையாளர் உயிரோடு இருந்தால், தொலைந்த டைட்டிலுக்கு நகல் வாங்கிக் கையெழுத்திட்டுத் தரலாம். இறந்திருந்தால், வாரிசுகள் ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டு மாற்றித் தர டெக்சாஸில் வழி இருக்கிறது. ஆனால் நண்பரின் பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று பெரியவருக்குத் தெரியவில்லை. மாநிலக் கணினியிலும் அந்த வண்டி இல்லை. பல வருஷம் புதுப்பிக்காத வண்டிகளின் விவரம் பட்டியலில் இருந்து போய்விடுவது உண்டு.

ஆபீஸ் நண்பர் ஒருவர், "வெர்மான்ட்டுக்கு தபால்ல அனுப்பிருங்க பாஸ்" என்றார். அந்த மாநிலத்தில் 15 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு டைட்டில் தேவையில்லை. வெளிமாநிலத்துக்காரர்களும் தபாலிலேயே ரெஜிஸ்ட்ரேஷன் வாங்கி, அதை வைத்துச் சொந்த மாநிலத்தில் டைட்டில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2023-ல் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். இன்னொருவர் சொன்னது, உடைக்கப் போன ஒரு பீட்டிலின் டைட்டிலையும் நம்பர் தகட்டையும் வாங்கி இதில் மாட்டும் யோசனை. அது குறுக்கு வழிகூட இல்லை, நேரடிக் குற்றம்.

மிச்சம் இருந்தது 'பாண்டட் டைட்டில்'. அதற்கு முதலில் வண்டியின் நம்பர் வேண்டும்.

இன்று நாம் பார்க்கும் 17 எழுத்து வின் நம்பர் 1981 மாடலில் இருந்துதான் கட்டாயமானது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை. இணையத்தில் உள்ள பெரும்பாலான தேடல் பக்கங்கள் 17 எழுத்து இல்லை என்றால் வாங்கவே வாங்காது. 1972 பீட்டிலுக்குப் பத்தே இலக்கம். முதல் இரண்டும் 11 என்றால் பீட்டில், மூன்றாவது 2 என்றால் 1972 மாடல். பின் சீட்டைத் தூக்கினால், நடுவில் ஓடும் இரும்புச் சுரங்கத்தின் மேல் அடித்திருப்பார்கள். துணியால் மெதுவாகத் துடைத்தேன். ஒன்பது இலக்கம் தெளிவாகத் தெரிந்தது. ஒன்று மட்டும் 3-ஆ 8-ஆ என்று சந்தேகம். ஆணியால் லேசாகக் கீறினால் தெளிவாகிவிடும் என்று கை பரபரத்தது. தொடாமல் விட்டது நான் செய்த நல்ல காரியம். அந்த நம்பரில் கை வைப்பது கிரிமினல் குற்றம்.

வாகனத் திருட்டுப் பிரிவில் பயிற்சி பெற்ற போலீஸ் அதிகாரி வந்து பார்த்தார். டார்ச் அடித்து, முன்பக்கத் தகட்டோடும் ஒப்பிட்டு, "3" என்று எழுதிக்கொண்டார். திருட்டுப் பட்டியலில் தேடிய அந்தப் பத்து நிமிஷம், விசா இன்டர்வியூ கவுன்டரில் நின்ற மாதிரியே இருந்தது. பட்டியலில் இருந்திருந்தால் காரும் போயிருக்கும், என் 3,200 டாலரும் போயிருக்கும். நல்லவேளை, இல்லை.

பிறகு 15 டாலர் கட்டணத்தோடு, நோட்டரி தாள், அடையாள அட்டை, அந்த அதிகாரியின் படிவம் எல்லாம் வைத்து மாநில வாகனத் துறைக்கு விண்ணப்பித்தேன். அவர்கள் பரிசீலித்து, எவ்வளவு தொகைக்கு பாண்ட் வேண்டும் என்று ஒரு கடிதம் தருவார்கள். வண்டி மதிப்பில் ஒன்றரை மடங்கு. என் காரை 4,800 டாலர் என்று மதிப்பிட்டார்கள், ஆகவே 7,200 டாலருக்கு பாண்ட். பயப்பட வேண்டாம், முழுத் தொகையும் கட்ட வேண்டியதில்லை. பாண்ட் கம்பெனிக்கு நான் கட்டியது 100 டாலர். அதை 30 நாளுக்குள் கவுண்டியில் கொடுத்து, 6.25 சதவீத விற்பனை வரியும் கட்டினால் டைட்டில்.

இந்த பாண்ட் எனக்கான இன்சூரன்ஸ் என்றுதான் முதலில் நினைத்தேன். தப்பு. அது எனக்குத் தெரியாத ஒருவருக்கான பாதுகாப்பு. நாளைக்கே உண்மையான உரிமையாளரோ வாரிசோ வந்து நிரூபித்தால், பாண்ட் கம்பெனி அவருக்கு நஷ்டஈடு கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை என்னிடம் வசூலிக்கும். மூன்று வருஷம் யாரும் வரவில்லை என்றால் 'பாண்டட்' என்ற குறிப்பு நீங்கிவிடும்.

இது எனக்குப் பிடித்திருந்தது. "இது உன்னுடையதுதான் என்று நிரூபி" என்று கேட்டால் பேப்பர் இல்லாதவனால் நிரூபிக்கவே முடியாது. சட்டம் கேட்பது வேறு: "வேறு ஒருவர் வந்தால் பதில் சொல்லத் தயாரா? மூன்று வருஷம் காத்திருக்கத் தயாரா?" எச்-1பி-யில் இருந்துகொண்டு கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் எனக்குக் காத்திருப்பது புதிதில்லை. இங்கே முடிவுத் தேதியாவது தெரிகிறது.

டைட்டில் வந்த அன்று அப்பாவிடம் காட்டினேன். அப்போதுதான் அவர் ஒரு பழைய கதையைச் சொன்னார். எனக்கு விவரம் தெரியாத வயதில், சினேகிதரிடம் ஒரு ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார். 29, 30 படிவங்களில் கையெழுத்தும் வாங்கி பீரோவில் வைத்துவிட்டு, பெயர் மாற்றாமலே ஓட்டியிருக்கிறார். ஒரு சின்ன விபத்து. நோட்டீஸ் போனது சினேகிதர் வீட்டுக்கு. "அதுக்கப்புறம் அவன் நம்ம வீட்டுப் படி ஏறலை" என்றார். பதிவில் யார் பெயரோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கையெழுத்து வாங்கிய படிவம் பீரோவில் இருந்தால் பெயர் மாறாது.

உங்களில் யாராவது பழைய கார் ஆசையில் இருந்தால், என் அனுபவத்தில் சில வார்த்தை. பணம் கொடுக்கும் முன் நம்பரை நீங்களே பார்த்து, போட்டோ எடுங்கள். விற்பவரின் அடையாள அட்டைப் பெயரும் டைட்டிலில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். டைட்டில் இல்லை என்றால், உங்கள் மாநில விதியைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். ஜார்ஜியாவில் 1985-க்கும் அதற்கு முந்தைய மாடலுக்கும் டைட்டிலே தேவையில்லை, டெக்சாஸில் தேவை. வண்டி நிற்கும் மாநிலத்தை மட்டும் பார்த்தால் போதாது, நீங்கள் இருக்கும் மாநிலம் என்ன கேட்கிறது என்றும் பார்க்க வேண்டும். டைட்டில் கைக்கு வருகிற வரை பெயின்ட்டுக்கோ இன்ஜினுக்கோ பெரிய செலவு செய்யாதீர்கள்.

இன்னொன்று, கார் ஆசை இல்லாதவர்களுக்கும். ஊரில் உங்கள் வீட்டு வாசலில் தாத்தா பெயரிலோ, எப்போதோ விற்றவர் பெயரிலோ ஒரு வண்டி நின்றால், அடுத்த லீவில் அதை மாற்றிவிடுங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் இருக்கும்போது அது ஒரு நாள் வேலை.

என் பாண்ட் முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அதற்குள் பெரியவரின் நண்பருடைய மகனோ மகளோ கதவைத் தட்டினால் என்ன செய்வது என்று மனைவி கேட்டாள். முதலில் உட்கார வைத்து காபி கொடுப்போம், பிறகு ஒரு ரவுண்டு கூட்டிப் போவோம் என்றேன். விலை பேசுவது அப்புறம். அவர்கள் அப்பா ஓட்டிய கார் அது.