ஜீப்பின் அடியில் ஒரு பெட்டி

தாராவியில் வாழும் நண்பர் ஒருவர் சென்ற மழைக்காலத்தில் மாதுங்காவிலுள்ள என் இல்லத்திற்கு வந்தார். அவருடைய தம்பி கம்பத்தில் பழைய ஜீப் ஒன்று வைத்திருக்கிறார். விடியற்காலையில் தொழிலாளரை ஏற்றிச் சென்று இடுக்கி ஏலத்தோட்டங்களில் விட்டு, மாலையில் அழைத்து வருவது அவர் பிழைப்பு. அந்த ஜீப்பின் ‘டிரான்ஸ்பர் கேஸ்’ பழுதாகிவிட்டதாம். குர்லாவின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் ஒன்று வாங்கி அனுப்பும்படி தம்பி கேட்டிருந்தார்.

“மொழிபெயர்ப்பாளராயிற்றே, இதற்குத் தமிழில் என்ன பெயர் ஐயா? எப்படிப் பார்த்து வாங்குவது?” என்றார் நண்பர். முதல் வினாவிற்குப் ‘பங்கீட்டுப் பெட்டி’ என்றேன். இரண்டாவதற்கு விடை தேடிச் செம்பூரில் பணிமனை நடத்தும் தமிழர் ஒருவரிடம் இருவரும் சென்றோம். அங்கே கற்றதை நேயர்களுக்குக் கூறுகிறேன்.

எஞ்சினின் ஆற்றல் கியர் பெட்டியின் வழியே இப்பெட்டியை அடைகிறது. இது அந்த ஆற்றலைப் பின்சக்கரங்களுக்கு மட்டுமோ, நான்கு சக்கரங்களுக்குமோ பங்கிட்டு அளிக்கிறது. வேகத்தைக் குறைத்து இழுவிசையைப் பெருக்குவதும் இதன் பணியே. போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் இவ்விசை 1.97 மடங்காகப் பெருகியது. பிற்கால வகைகளில் அது 2.46 மடங்காக உயர்ந்தது. செங்குத்தான இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துவது இந்தக் குறைந்த வேகப் பல்லினால்தான்.

மும்பைக்கும் இப்பெட்டிக்கும் பழைய தொடர்பு உண்டு. 1945இல் தோன்றிய மகிந்திரா அண்டு முகமது நிறுவனம் 1948இல் மகிந்திரா அண்டு மகிந்திரா எனப் பெயர் மாறிற்று. 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளை இந்நாட்டில் பூட்டத் தொடங்கியது அந்நிறுவனமே. அவ்வண்டிகளில் இருந்தது ‘ஸ்பைசர் 18’ என்னும் வார்ப்பிரும்புப் பெட்டி.

முதற்கண் பெட்டி எவ்வகையினது என்று அறிதல் வேண்டும். ஸ்பைசர் 18இல் சங்கிலி இல்லை. பற்சக்கரங்கள் மட்டுமே உண்டு. பின்னச்சுக்குச் செல்லும் தண்டு நடுவில் இராமல் வண்டியின் வலப்புறம் ஒதுங்கி இருக்கும். ‘ஸ்பைசர் 20’ என்னும் அடுத்த வகையில் அது நடுவிற்கு வந்துவிட்டது. 18லும் உட்பிரிவுகள் உண்டு. இடைத்தண்டின் குறுக்களவு தொடக்கத்தில் முக்கால் அங்குலம். பின்னர் ஒன்றே அரைக்கால், அதன்பின் ஒன்றே கால் அங்குலம். ஒன்றின் பற்சக்கரம் மற்றொன்றில் பொருந்தாது. ஆகவே தம்பியின் பழைய பெட்டியை அளந்து குறித்துக்கொண்ட பின்னரே கடைக்குச் செல்ல வேண்டும்.

அடுத்தது தரம். வெளியே பூசிய வர்ணத்தைப் பார்த்து மயங்கலாகாது. எண்ணெயைப் பார்க்க வேண்டும். அது பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, மித்தி ஆறு பெருகியதை மும்பைத் தமிழர் மறந்திருக்க முடியாது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளின் உறுப்புகள் துருவை உள்ளே மறைத்துக்கொண்டு விலைக்கு வரக்கூடும். எண்ணெயில் இரும்புத் துணுக்கு அகப்பட்டால் பல் உடைந்திருக்கலாம்.

விற்பவர் எண்ணெயைப் புதிதாக மாற்றியும் வைத்திருக்கலாம். ஆதலின் அடிமூடியைக் கழற்றிப் பற்களை நேரில் காண்பதே முறை. பல்லின் முனை மழுங்கியிருந்தால் பாரம் ஏறும்போது கியர் தானே நழுவும். இடைத்தண்டை நகத்தால் வருடினால் பள்ளம் தட்டுப்படலாகாது. வெளித்தண்டை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியலாகாது.

இவற்றை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் எனில், இந்த ஜீப்பில் கைப்பிரேக்கும் இப்பெட்டியின் பின்தண்டிலேயே அமைந்துள்ளது. பின்புற எண்ணெய்த் தடுப்பு கசிந்தால் எண்ணெய் பிரேக்கில் படிந்து அதன் பிடியைக் கெடுக்கும். இறக்கத்தில் கியரும் நழுவுமாயின் எஞ்சினின் பிடியும் அற்றுப்போகும். வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு தெரியும் மலைப்பாதையில், பின்னால் அமர்ந்திருப்போர் கூலிக்குச் செல்லும் தாய்மார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நல்ல பெட்டியையும் தவறான பழக்கம் கெடுத்துவிடும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வழி ஓடுகின்றன. சேற்றிலும் மணலிலும் சக்கரம் சற்று வழுக்கி அவ்வேற்றுமையைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் அதற்கு வழியில்லை. முறுக்கம் முழுவதும் பெட்டியின்மேல் விழும். எனவே அங்கு நான்கு சக்கர இயக்கம் வேண்டா. இக்காலப் பிக்கப் வண்டிகள் பலவற்றில் நெம்புகோலுக்குப் பதில் திருகு குமிழும், பற்சக்கரத் தொடருக்குப் பதில் சங்கிலியும் உள்ளன. இவ்விதி அவற்றுக்கும் பொருந்தும். சங்கிலி தளர்ந்ததா, குமிழைத் திருப்பியதும் அடையாள விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரிகிறதா என்று அவற்றில் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

குர்லாவில் முதற்கடையில் கண்ட பெட்டி பளபளவென்று இருந்தது, விலையும் குறைவு. ஆனால் மூடியைத் திறக்கக் கடைக்காரர் இசையவில்லை. நண்பர் கையிலிருந்த பணத்தை மடித்து வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மூன்றாவது கடைக்காரர் நாங்கள் கேட்குமுன்னரே திருப்புளியை எடுத்தார். அழுக்கேறிய அந்தப் பெட்டிதான் இன்று கம்பத்து மலைப்பாதையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.