ஊசிக்கும் அறிக்கைக்கும் நடுவே

பினாங்கில் பாயான் பாருவின் தனியார் மருத்துவமனையாக இருக்கட்டும், ஜார்ஜ் டவுனின் பெரிய ஆஸ்பத்திரியாக இருக்கட்டும், மார்பகக் கட்டியில் ஊசி வைத்துச் சதை எடுத்த பிறகு ஒரு பெண் கேட்கும் முதல் கேள்வி “ரிசல்ட் எப்போது வரும்?” என்பதுதான். ஒரு வாரம், பத்து நாள் என்று பதில் வரும். எடுத்ததோ சின்னத் துண்டு. அதைப் பார்த்துச் சொல்ல எதற்கு இத்தனை நாள்? இதற்கு நேரான பதில் உண்டு. உட்கார்ந்து அதைச் சொல்ல ஆள் கிடைப்பதுதான் அரிது.

மரத்துப்போக மருந்து போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே மருத்துவர் எடுக்கும் ஒவ்வொரு துண்டும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். தடிமன் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. உடலைவிட்டு வந்ததுமே அது சிதையத் தொடங்குவதால், உடனே ஃபார்மலின் குப்பிக்குள் போகிறது. 1893இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் ஃபெர்டினாண்ட் புளும் என்ற மருத்துவர் இந்தத் திரவத்தைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தார். வேலை நடக்க நடக்கத் தன் விரல்களின் தோல் கெட்டிப்படுவதைக் கவனித்தார். தோலைக் கெட்டிப்படுத்துவது திசுவையும் கெடாமல் நிறுத்தும் அல்லவா? உலகமெங்கும் பயாப்சி மேசைகளில் இன்று ஃபார்மலின் இருப்பதற்கு அந்த விரல்கள்தான் தொடக்கம்.

ஃபார்மலின் திசுவின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, செல்கள் இருந்த நிலையிலேயே அவற்றை நிறுத்துகிறது. இந்தப் பிணைப்பு உண்டாக மணிக்கணக்கில் ஆகும். மார்பகத் திசு குறைந்தது 6 மணி நேரம், அதிகம் போனால் 72 மணி நேரம் அதில் ஊற வேண்டும் என்று அமெரிக்காவின் புற்றுநோய் மருத்துவர்களும் திசுவை ஆராயும் பேத்தாலஜிஸ்டுகளும் சேர்ந்து நெறி வகுத்திருக்கிறார்கள். அவசரப்பட்டு முன்னதாக எடுத்துவிட்டால், புற்றுச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தும் இல்லாததுபோல் சோதனை காட்டக்கூடும். அப்படித் தவறினால், அந்தப் பெண்ணுக்குப் பல ஆண்டுகள் காப்பாக இருந்திருக்கக்கூடிய, அந்த ஏற்பியைத் தடுக்கும் தமோக்சிஃபன் மாத்திரை எழுதப்படாமலே போகலாம். குப்பியில் கழியும் அந்த மணி நேரங்கள் வீண் இல்லை.

அடுத்து ஓர் இயந்திரம் பெரும்பாலும் இரவு முழுக்க வேலை செய்கிறது. ஆல்கஹாலால் தண்ணீரை வெளியேற்றி, சைலீனால் ஆல்கஹாலை வெளியேற்றி, சுமார் 60 டிகிரி செல்சியசில் உருகிய பாரஃபின் மெழுகைத் திசுவுக்குள் இறக்குகிறது. மெழுகில் உறைந்த சதையை ஆய்வுக்கூடத்தில் மூன்று, நான்கு மைக்ரான் தடிமனில் சீவுகிறார்கள். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் அப்படிப்பட்ட இருபது சீவல்களை அடுக்கலாம். சுருங்காமல் வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுப்பதற்கு இன்றைக்கும் பழகிய கை தேவைப்படுகிறது.

நிறமே இல்லாத அந்தச் சீவலுக்கு நிறம் தருவது ஒரு மரம். மெக்சிகோவின் காம்பெச்சே பகுதியில் வளரும் அந்த மரத்தின் வைரக்கட்டையிலிருந்து ஹீமட்டாக்சிலின் என்ற சாயம் கிடைக்கிறது. ஒரு காலத்தில் துணிக்குச் சாயமேற்ற அந்தக் கட்டைகள் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போயின. இன்று அதே சாயம் செல்லின் கருவை நீல ஊதாவாக்குகிறது. ஈயோசின் என்ற இன்னொரு சாயம் மற்ற பகுதிகளை இளஞ்சிவப்பாக்குகிறது.

இவ்வளவும் ஆன பிறகே பேத்தாலஜிஸ்ட் நுண்ணோக்கியில் கண் வைக்கிறார். பால் நாளத்தின் ஓரமாக மெல்லிய ஓரடுக்குச் செல்கள் சுற்றி நிற்கும். மாறிய செல்கள் அந்த அடுக்குக்குள் அடங்கியிருந்தால் ஒரு நோய்ப்பெயர். வெளியே பரவியிருந்தால் வேறு பெயர், வேறு சிகிச்சை. ஐயம் வந்தால் இன்னொரு சாயம் கேட்பார், இன்னொரு மருத்துவரிடம் தகட்டைக் காட்டுவார். புற்று உறுதியானால் ஹார்மோன் ஏற்பிகளையும் ஹெர்2 புரதத்தையும் பார்க்க வேண்டும். ஹெர்2 மதிப்பெண் 0 முதல் 3 வரை. 2 வந்தால் முடிவு சொல்ல முடியாது. மரபணுவையே எண்ணிப் பார்க்கும் மற்றொரு சோதனைக்குப் போகும், மேலும் சில நாட்கள் ஓடும். தாமதமானாலே கெட்ட செய்திதான் என்று நினைப்பது இயல்பு. ஆனால் தாமதத்திலிருந்து அதைப் படித்தறிய முடியாது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டாலும் இரவில் தூக்கம் வந்துவிடுமா என்றால், வராது. அதற்கும் காரணம் உடலில் இருக்கிறது. பாஸ்டனில் எல்விரா லாங் என்ற மருத்துவரின் குழு, மார்பகப் பயாப்சி முடிந்த பெண்களின் உமிழ்நீரில் கார்ட்டிசோலை அளந்து 2009இல் முடிவை வெளியிட்டது. காலையில் ஏறி இரவுக்குள் இறங்க வேண்டிய மன அழுத்த ஹார்மோன் அது. ஐந்து நாளாகியும் முடிவு தெரியாத பெண்களின் கார்ட்டிசோல் போக்கு, புற்று என்று தெரிந்துகொண்ட பெண்களுடையதைப் போலவே இருந்தது. நோயில்லை என்று தெரிந்தவர்களின் உடல்தான் வேறுபட்டு நின்றது.

2016இல் லண்டனில் நடந்த ஓர் ஆய்வு இதை வேறு பக்கத்திலிருந்து காட்டியது. 45 பேர் கணினியில் ஒரு விளையாட்டு ஆடினார்கள்: பாறைக்கு அடியில் பாம்பு உண்டா இல்லையா என்று ஊகிக்க வேண்டும், பாம்பு இருந்தால் கையில் மின்னதிர்ச்சி. அதிர்ச்சி உறுதி என்று தெரிந்தபோது இருந்ததைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றபோதுதான் வியர்வையும் கண்மணி விரிவும் உச்சத்துக்குப் போயின. பாயான் பாருக்காரர்களுக்கு இது புரியும். பக்கத்திலேயே பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் கிளையில் சுருண்டு கிடக்கும் பச்சை விரியனைக் குழந்தையோடு நின்று பார்த்துவிட்டு வருகிறோம். அது எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. அதே பாம்பு வீட்டுக்குள் நுழைந்து கண்ணில் படாமல் போனால் அன்றிரவு யார் தூங்குவார்கள்?

அதனால் “ஒன்னும் இருக்காது, யோசிக்காத” என்ற ஆறுதல், அன்போடு சொல்லப்பட்டாலும், மனத்தில் நிற்பதில்லை. கலிஃபோர்னியாவில் கேட் ஸ்வீனி என்ற உளவியலாளர், வழக்கறிஞர் தேர்வு எழுதி நான்கு மாதம் முடிவுக்குக் காத்திருந்த 230 பேரைத் தொடர்ந்து கவனித்தார். நம்பிக்கையை இழுத்துப் பிடித்தும், நினைப்பை அடக்கியும் அவர்களின் கலக்கம் குறையவில்லை. ஆனால் கவலைப்பட்டே காத்திருந்தவர்கள் கெட்ட செய்தியை மற்றவர்களைவிட நன்றாகத் தாங்கினார்கள், நல்ல செய்தியில் கூடுதலாக மகிழ்ந்தார்கள். தேர்வும் நோயும் ஒன்றல்ல. இருந்தாலும், பயந்து காத்திருக்கும் பெண் தவறாகக் காத்திருக்கவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஸ்வீனியின் பிற்கால ஆய்வுகளில் ஓரளவு கைகொடுத்தது, நேரம் போவது தெரியாமல் மூழ்கவைக்கும் வேலை. தையல், தோட்டம், கொஞ்சம் கடினமான சமையல் அப்படி இருக்கலாம். டிவி முன் உட்கார்ந்திருப்பது அந்த அளவுக்கு இழுத்துக்கொள்ளாது.

இன்னொரு பயமும் இருக்கும்: காத்திருக்கும் நாளில் கட்டி பெருகிவிடாதா? பெரும்பாலான மார்பகப் புற்றுகள் இரட்டிப்பாக மாதக்கணக்கில் ஆகும். ஓரிரு வாரம் சிகிச்சையின் போக்கை மாற்றுவதில்லை. மலேசியாவில் ஆபத்து பெரும்பாலும் ஊசிக்கு முன்னாலும், முடிவைக் கேட்கப் போகாமல் விடுவதிலும் இருக்கிறது. இங்கே கண்டறியப்படும் மார்பகப் புற்றுகளில் பாதிக்கு அருகில் மூன்றாம், நான்காம் கட்டத்தில் இருப்பதாக 2012–2016 தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு சொல்கிறது.

அதனால்தான் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் 2014இல் தொடங்கிய வழிகாட்டித் திட்டம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மலேசியப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து அங்கே செய்தது எளிய காரியம்: ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வழிகாட்டி. அவர் போனில் கூப்பிடுவார், தேதி வாங்கித் தருவார், அடுத்து என்ன என்று விளக்குவார். உரிய காலத்துக்குள் முடிவு தெரிவிக்கப்பட்டவர்கள் 58.5 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடானார்கள். சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போகிறவர்களும் குறைந்தார்கள்.

அப்படி ஒருவர் இல்லாத இடத்தில், ஊசி வைத்த அறையை விட்டு வருமுன் நாமே கேட்டுக்கொள்ளலாம். முடிவு எந்தத் தேதியில், யார் சொல்வார், போனிலா நேரிலா? தேதி கடந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது? அக்காவோ தங்கையோ, கூட வரும் ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.