சட்டைப் பையில் ஒரு பேரேடு

மாநாடு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்களுக்கு மனக்கண்முன் எழும் காட்சி ஒன்று உண்டு. வாசலில் வாழைமரம், தோரணம். உள்ளே வரவேற்புக் கமிட்டித் தலைவரின் நீண்ட பிரசங்கம். முடிவில் அதைக் காட்டிலும் நீண்ட வந்தனோபசாரம். சமீபத்தில் பெங்களூரில் நான் போய் வந்த மாநாட்டில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. தலைவர் இல்லை, தீர்மானம் இல்லை, பொன்னாடையும் இல்லை. காலை ஒன்பது மணி அடித்ததும், பனியனைப் போன்ற அரைக்கைச் சட்டை அணிந்த ஒரு வாலிபர் மேடை ஏறினார். அவையோரை விளிக்கக்கூட இல்லை. திரையில் ஒரு படத்தைக் காட்டி நேரே விஷயத்தில் இறங்கிவிட்டார். நம் ஊர்ப் பிரசங்கிகள் சிலரை அங்கே இரண்டு நாள் உட்கார்த்தி வைத்தால் தேசத்துக்கு எவ்வளவோ நேரம் மிச்சமாகும்.

கூடியிருந்தவர்கள் எல்லோரும் மென்பொருள் எழுதுகிறவர்கள். டேட்டாபேஸ் என்று அவர்கள் வழங்கும் தரவுத்தளங்களைப் பற்றியும், கைப்பேசிக்குள் அவற்றை அடக்கி ஆளும் வித்தையைப் பற்றியும் பேசவே அவ்வளவு பேரும் வந்திருந்தார்கள். அங்கே ஒரு தமிழாசிரியனுக்கு என்ன ஜோலி என்று நேயர்கள் கேட்பது நியாயமே. என்னிடம் படித்த மாணவன் ஒருவன் அந்த ஊரில் இத்தொழிலில் இருக்கிறான். எங்கள் பள்ளியில் மாணவர் பெயர்ப் பட்டியலைக் கம்ப்யூட்டர் தயாரிக்கத் தொடங்கிய நாள் முதல் பெயர்கள் அகர வரிசை தப்பி நிற்பதைப் பற்றி அவனிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். “ஐயா, இதற்கு நான் சொல்வதைவிட அங்கே வந்து நீங்களே கேட்டுவிடுங்கள்” என்று அழைத்துப் போய்விட்டான்.

தரவுத்தளம் என்ற பெயரைக் கண்டு மிரள வேண்டியதில்லை. பள்ளி வருகைப் பதிவேடும் மளிகைக் கடைப் பேரேடும் தாலுகா ஆபீஸ் ரிஜிஸ்தரும் எதற்காக இருக்கின்றனவோ, அதற்காகவே இதுவும் இருக்கிறது. எல்லாவற்றையும் வரிசையும் பத்தியும் கொண்ட அட்டவணைகளாக வைத்தால் போதும். வேண்டியதைக் கேட்டால் யந்திரமே தேடிக் கொடுக்கும் என்ற கருத்தை 1970-ல் ஐ.பி.எம். கம்பெனியில் இருந்த எட்கர் காட் என்ற ஆங்கிலேயர் வெளியிட்டார். அதற்குப் பின் வந்த ரிஜிஸ்தர்களில் பெரும்பாலானவை அவர் போட்ட கோட்டின்மேல் நடப்பவையே.

அந்த நாளில் இத்தகைய ரிஜிஸ்தரை வைத்துக்கொள்ள ஓர் அறை நிறைய யந்திரம் தேவைப்பட்டது. இன்றோ அது நம் சட்டைப் பையில் இருக்கிறது. ஒன்று அல்ல, பல இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் உங்கள் சம்பந்தி அனுப்பும் காலை வணக்கங்கள் அத்தனையும் உங்கள் கைப்பேசியில் உள்ள ஒரு தரவுத்தளத்தில்தான் பதிவாகின்றன. அதை நடத்தும் மென்பொருளின் பெயர் எஸ்.க்யூ.லைட்.

இது பிறந்த கதை ரசமானது. ரிச்சர்டு ஹிப் என்ற அமெரிக்கர், அவர்கள் நாட்டுப் போர்க்கப்பல் ஒன்றுக்காக மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார். கப்பலுக்குச் சேதம் நேர்ந்தால் என்ன செய்வது என்று சொல்லும் மென்பொருள் அது. அதற்கு வேண்டிய விவரங்களோ வேறொரு சர்வரில் இருந்த தரவுத்தளத்தில் இருந்தன. சர்வர் படுத்துக்கொண்டால் இவருடைய மென்பொருளும் கையை விரித்தது. பழி இவர்மேல் விழுந்தது. குண்டடி பட்ட கப்பலில் சர்வர் எழுந்திருக்கட்டும் என்று யார் காத்திருப்பது? இடையில் ஒருவரையும் நம்பாமல், தன் கோப்பைத் தானே படித்துக்கொள்ளும் சிறு தரவுத்தளம் ஒன்றை எழுதி 2000-ம் ஆண்டில் வெளியிட்டார். காப்புரிமை எதுவும் வைத்துக்கொள்ளாமல் பொதுச் சொத்தாகவே விட்டுவிட்டார். மூல நிரலின் தலைப்பில், சட்ட எச்சரிக்கை இருக்க வேண்டிய இடத்தில், படிப்பவருக்கு ஓர் ஆசீர்வாதம் எழுதியிருக்கிறது! இன்று உலகில் இவ்வகைத் தரவுத்தளங்கள் ஒரு லட்சம் கோடிக்கு மேல் இருக்கலாம் என்று அதை எழுதியவர்கள் மதிப்பிடுகிறார்கள். காத்து வருபவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்க சிலரே. மென்பொருளின் அளவைப்போல் சுமார் 590 மடங்கு அதைப் பரீட்சிக்கும் நிரல்களை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பாடத்துக்கு 590 பரீட்சை வைத்தால் என் மாணவர்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைகாட்டுவார்களா?

முதல் நாள் பேச்சுகளில் எனக்கு நன்றாக விளங்கியது ஒரே ஒரு சூத்திரம். பேரேட்டில் கை வைக்குமுன் குறிப்பேட்டில் எழுதிவிடு என்பதே அது. நம் வியாபாரிகள் வழிவழியாகச் செய்து வருவதும் இதுதானே? ஒருவர் கணக்கில் 500 ரூபாயைக் கழித்து மற்றவர் கணக்கில் சேர்க்க வேண்டும். கழித்தாயிற்று, சேர்ப்பதற்குள் மின்சாரம் போய்விட்டது. அந்தப் பணம் எங்கே? குறிப்பேடு இருந்தால் யந்திரம் விழித்தெழுந்ததும் அதைப் புரட்டிப் பார்க்கும். முடிந்த காரியத்தை நிலைநிறுத்தும். பாதியில் நின்றதை அடியோடு ரத்து செய்யும். பாதிப் பதிவு என்பது கிடையாது. பெரிய தரவுத்தளங்களில் இதை எவ்வாறு குறைவின்றிச் செய்வது என்பதற்குத் தம் சகாக்களுடன் சேர்ந்து 1992-ல் இலக்கணம் வகுத்தவர் ஸி. மோகன். தமிழ்நாட்டில் பிறந்தவர், சென்னை ஐ.ஐ.டி.யில் ரசாயனப் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா சென்று, ஐ.பி.எம். கம்பெனியில் பணியாற்றியவர். அந்த முறைக்கு ஏரீஸ் என்று பெயர். மேடையில் அவர் பெயர் வந்தபோது நான் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதை மறைப்பானேன்?

சிக்னல் இல்லாத இடத்தில் கைப்பேசி எழுதிக்கொண்டதைப் பிறகு தலைமை ரிஜிஸ்தரோடு ஒத்துப் பார்ப்பது எப்படி என்று ஒரு பெண்மணி பேசினார். இரண்டு பேர் ஒரே வரியைத் திருத்தியிருந்தால் பிந்தியவர் திருத்தமே செல்லும் என்பது எளிய விதி. ஆனால் கைப்பேசியின் கடிகாரம் தப்பாக ஓடினால் முந்தியவர் யார், பிந்தியவர் யார்? இதில் அவர்களுக்குள் காரசாரமான வாதம் நடந்தது. எனக்குப் பாதிதான் புரிந்தது.

மறுநாள் மத்தியானம் கேள்வி நேரத்தில் மாணவன் என் முழங்கையை இடித்தான். நான் எழுந்து போய்ப் பலகையில் நான்கு பெயர்களை எழுதினேன்: அருள்மொழி, அழகப்பன், அறிவழகன், அன்பரசி. தமிழ் அகராதி வரிசை இதுதான். ரகரம், பிறகு ழகரம், பிறகு றகரம், கடைசியில் னகரம். தமிழ் எழுத்துக்கள் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் என்று தொல்காப்பியர் முதல் சூத்திரத்திலேயே சொல்லிவிட்டார். ஆனால் யந்திரம் கொடுக்கும் வரிசை என்ன? அன்பரசி, அருள்மொழி, அறிவழகன், அழகப்பன். கடைசியில் நிற்க வேண்டியவள் முதலில் வந்து நிற்கிறாள்! அதேபோல, கண்ணன் என்ற பெயர் கணேசனுக்கு முன்னால் வர வேண்டும். ஏனெனில் மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முற்பட்டது. யந்திரமோ கணேசனை முதலில் வைக்கிறது. “இது ஏன்?” என்று கேட்டேன்.

பிரசங்கியார் கன்னடக்காரர். அவர் அளித்த விளக்கத்தின் சாரம் இது. யந்திரத்துக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். யூனிகோட் என்ற உலகப் பொது முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. தமிழ் 1991-ல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே இடம் பெற்றுவிட்டது. ஆனால் அந்த எண்கள், இந்திய லிபிகள் அனைத்துக்கும் பொதுவாக 1988-ல் செய்யப்பட்ட ஓர் அமைப்பைப் பின்பற்றிக் கொடுக்கப்பட்டவை. அது தேவநாகரி ஒழுங்கைத் தழுவியது. ஆகவே னகரம் நகரத்துக்குப் பக்கத்திலும், றகரம் ரகரத்துக்குப் பக்கத்திலும் போய் உட்கார்ந்தன. வகரம் ழகரத்துக்குப் பின்னால் தள்ளப்பட்டது. புள்ளிக்கோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பிந்திய எண். எஸ்.க்யூ.லைட்டிடம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது எண்ணைப் பார்த்தே வரிசைப்படுத்தும்.

இதோடு போகவில்லை. ‘பொன்னி’ என்பது நமக்கு மூன்றெழுத்து. யூனிகோட் கணக்கில் ஆறு. கோப்பில் பதியும்போது 18 பைட்டு. அது மட்டுமா? ‘பொ’ என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் பதியலாம். இரண்டு தனிக்குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யந்திரத்துக்கு இரண்டும் வேறு. ஒரு முறையில் பதிந்த பொன்னியை மறு முறையில் தேடினால் அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று அது சாதிக்கும். எண் வரிசை கெட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தையை ரிஜிஸ்தரில் காணவில்லை என்றால் என்ன செய்வது? உதவித்தொகைப் பட்டியலும் அந்த ரிஜிஸ்தரிலிருந்துதானே வருகிறது?

பரிகாரம் இல்லையா என்றால், இருக்கிறது என்பதே வியப்பு. இரண்டு வகைப் பதிவையும் ஒன்றாக்கும் முறையை யூனிகோட்காரர்களே வகுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மொழிக்கும் உரிய அகர வரிசை விதிகளும் தொகுக்கப்பட்டுள்ளன, தமிழுக்கும் உண்டு. மெய்யெழுத்து முந்தும் என்பதுகூட அதில் எழுதியிருக்கிறது. போஸ்ட்கிரஸ் என்னும் பெரிய தரவுத்தளம் 2017-ல் வந்த பத்தாம் பதிப்பு முதல் இந்த விதிகளை ஏற்கிறது. ஆண்டிராய்டு கைப்பேசிகளில் உள்ள எஸ்.க்யூ.லைட்டுக்கும் கைப்பேசியின் மொழிக்கு ஏற்ற வரிசையைப் பின்பற்று என்று கட்டளையிட வழி இருக்கிறது. நிரலில் அநேகமாக ஒரு சொல் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

“பின் ஏன் சேர்ப்பதில்லை?” என்றேன்.

“யாரும் கேட்டதில்லை” என்றார் பிரசங்கியார். சபை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரீட்சிக்கிறவர்கள் இங்கிலீஷ் பெயர்களைப் போட்டுப் பரீட்சிக்கிறார்கள், அவை ஒழுங்காக நிற்கின்றன, வேலை முடிந்தது. தமிழ்ப் பெயரைப் போட்டுப் பார்ப்பவன் தமிழனாகவே இருந்தாலும், வரிசை கெட்டிருப்பதைக் கண்டுகொள்ள அவனுக்கு அகராதி புரட்டிய பழக்கம் வேண்டும். பள்ளியை விட்ட பிறகு அகராதியைத் தொடுகிறவர்கள் எத்தனை பேர்? இந்த இடத்தில் குற்றத்தில் ஒரு பங்கு எங்கள் தொழிலையும் சாரும்.

அதற்குள் என் மாணவன் மடிமேல் இருந்த கம்ப்யூட்டரில் நான்கு பெயர்களையும் பதிந்து, அந்த ஒரு சொல்லைச் சேர்த்துக் காட்டினான். அன்பரசி மின்னல் வேகத்தில் கீழே இறங்கித் தன் இடத்தில் நின்றாள். பின் வரிசையில் இருந்த மலையாளத்து வாலிபர் ஒருவர் எட்டிப் பார்த்து, தம் மொழிப் பெயர்களையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒரு வங்காளி வந்தார். அடுத்த பிரசங்கம் தொடங்கியது எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

ஊர் திரும்பியதும், எங்கள் பட்டியலைத் தயாரிக்கும் மென்பொருள்காரர்களுக்கு நான்கு பெயர்களையும் பொன்னியையும் உதாரணம் காட்டி, சேர்க்க வேண்டிய சொல்லையும் குறித்து விவரமாக எழுதினேன். கோரிக்கை பதிவு செய்யப்பட்டது என்று உடனே பதில் வந்தது. ஒரு நீண்ட எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். இன்று காலை வருகை எடுத்தபோது அன்பரசிதான் முதலில் ‘உள்ளேன் ஐயா’ என்றாள்.