பூதலூர் பாசஞ்சரில் இத்தனை விஷயம் இருக்கிறது, தெரியுமா?

காலையில் டிபன் பாக்ஸைப் பையில் திணித்துக்கொண்டு, திருச்சி வண்டியைப் பிடிக்க பூதலூர் ஸ்டேஷனுக்கு ஓடுகிறவர்களே, உங்கள் காலடியில் கிடக்கும் அந்தத் தடத்துக்கு 160 வயது தாண்டிவிட்டது, தெரியுமா? இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பம்பாயிலிருந்து தானேவுக்கு ஓடியது 1853-ல். சென்னை ராயபுரத்திலிருந்து முதல் வண்டி கிளம்பியது 1856-ல். அதற்கப்புறம் ஆறே வருடம்! 1862-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர், பூதலூர் வழியாகத் திருச்சி வரைக்கும், நெல் வயல்களுக்கு நடுவே 125 கிலோமீட்டர், ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. பல பெரிய நகரங்கள் ரயிலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே காவிரி டெல்டாக்காரர்கள் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

இன்னொன்று கேளுங்கள். இந்தப் பாதையை முதலில் போட்டபோதே அகலப்பாதையாகத்தான் போட்டார்கள். 1875-ல் அதைப் பிடுங்கிவிட்டு மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். 1990களின் கடைசியில் மறுபடியும் அகலப்பாதை ஆக்கினார்கள்! 1676 மில்லிமீட்டரிலிருந்து 1000-க்கு வந்து, திரும்பவும் 1676. நூற்றிருபது வருடத்துக்கும் மேலே நம் தாத்தா, பாட்டி, அப்பா எல்லாரும் போய்வந்தது நடுவில் வந்த அந்த ஒல்லிப் பாதையில்தான்.

அந்த ஒல்லிப் பாதையில் வேறு என்ன போயிற்று தெரியுமா? போட் மெயில்! சென்னை எழும்பூரில் ஏறினால் கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வழியாகத் தனுஷ்கோடி. அங்கே கப்பல் ஏறித் தலைமன்னார். அங்கிருந்து இன்னொரு ரயிலில் கொழும்பு. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு இந்த ஏற்பாடு முழுசாக ஓடியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. ஆனால் இன்று நீங்கள் பொன்மலைக்கு வேலைக்குப் போகும் இதே தடத்தில் ஒரு காலத்தில் கொழும்புக்குப் போகிறவர்கள் பெட்டி படுக்கையோடு போனார்கள் என்று நினைத்தால் சிலிர்க்கவில்லையா?

வண்டி ஒன்பது நிமிஷம் பிந்தினால் ஆபீஸில் அரை நாள் லீவு போய்விடும் என்று பதறுகிறோம். இந்தியா முழுவதும் ஒரே மணி என்று 1906 ஜனவரி 1-ல் வந்தபோது, அதற்கு முன் ரயில்வேக்கள் பின்பற்றிவந்த மெட்ராஸ் டைம் எவ்வளவு பின்னால் இருந்தது தெரியுமா? கிட்டத்தட்ட அதே ஒன்பது நிமிஷம்! நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்துக் கணக்குதான் அந்த மெட்ராஸ் டைம்.

சரி, இன்றைக்கு வருவோம். பெருநகரத்தில் வேலை பார்க்கிறவர் என்றால் சென்னை வேளச்சேரியில் வாடகைக்கு இருப்பவர் என்று நினைத்துவிடுகிறோம். திருச்சியில் வேலை பார்த்துக்கொண்டு ராத்திரி பூதலூரிலோ, திருக்காட்டுப்பள்ளியிலோ, ஐயனாபுரத்திலோ தூங்குகிற ஆட்கள் எத்தனை பேர்! திருவெறும்பூரில் இறங்கினால் 1965-ல் உற்பத்தியைத் தொடங்கிய பெல் (BHEL) தொழிற்சாலை. அதன் பக்கமே துப்பாக்கித் தொழிற்சாலை. நவல்பட்டில் எல்காட் ஐ.டி. பூங்கா. இன்னும் கொஞ்சம் தள்ளி 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து இடம் மாறி வந்த பொன்மலை ரயில் பட்டறை. ஊட்டி மலை ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து கொடுத்தது இந்தப் பட்டறைதான், தெரியுமா? நம் நாட்டில் இந்தக் காலத்திலும் நீராவி எஞ்சின் செய்யத் தெரிந்த கைகள் பொன்மலையில் இருக்கின்றன!

இப்படித் தினமும் போய்வருகிறவர்களைத் தூக்கி நிறுத்துவது சீசன் டிக்கெட். அதன் கணக்கு அபாரமானது. மாத சீசனுக்கு அடிப்படையே ஏறக்குறைய பதினைந்து ஒருவழிப் பயணத்தின் கட்டணம். அதாவது ஏழெட்டு நாள் போய்வரும் காசில் மாதம் முழுக்கப் போய்வரலாம்! 150 கிலோமீட்டர் தூரம் வரைக்கும் சீசன் தருகிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர்களையெல்லாம் எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல் என்று ஓட்டி, குறைந்தபட்ச டிக்கெட்டைப் பத்து ரூபாயிலிருந்து முப்பதாக்கியபோது சிற்றூர்க்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. 2024 பிப்ரவரியில் மறுபடியும் பத்துக்கு இறங்கியது. என்னைக் கேட்டால், இந்த நாட்டில் சம்பளக்காரனுக்குக் கிடைக்கும் மிக நல்ல சலுகை சீசன்தான். அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

ஒற்றைப் பாதையாக இருந்த காலத்தில் பூதலூர்க்காரர்கள் அதிகம் சபித்த வார்த்தை கிராசிங். எதிர் வண்டி வந்து போகும் வரைக்கும் நம் வண்டி அசையாது. இரட்டைப் பாதை வந்து அந்தக் கொடுமை போனது. ஆனால் திருச்சி ஜங்ஷனுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றுவிட்டால், “அவுட்டர்ல போட்டுட்டான்” என்ற குரல் இன்றைக்கும் கேட்கும். போன் எடுத்து, “சார், வண்டி லேட்டு சார்” என்று சொல்லும் குரலும் கூடவே கேட்கும். ஜப்பானில் வண்டி சில நிமிஷம் பிந்தினாலே ரயில்வே ஒரு தாமதச் சான்றிதழ் கொடுக்கிறது, தெரியுமா? அதை ஆபீஸில் நீட்டினால் போதும்!

மனிதன் தினமும் போக, வர எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் செலவழிக்கிறான், அது காலம் காலமாக மாறவே இல்லை என்று 1994-ல் இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்ச்செட்டி எழுதினார். நடந்து போன காலத்தில் அரை மணிக்கு இரண்டரைக் கிலோமீட்டர். வாகனம் வேகமானபோது ஊர்தான் பெரிதானது, நேரம் அப்படியே நின்றது என்பது அவர் வாதம். நம் டெல்டாவுக்கு இது அப்படியே பொருந்துகிறது பாருங்கள். வீட்டிலிருந்து வரப்பு வழியாக வயலுக்கு அரை மணி நடந்தார் தாத்தா. அதே அரை மணிச் சொச்சத்தில் பேரன் பூதலூரிலிருந்து திருவெறும்பூர் போய்ச் சேர்கிறான்!

ஆனால் ரயிலில் ஏறியபின் இருக்கும் சுகம், ரயிலடி வந்து சேரும் வரை இல்லை. ரயிலடிக்கு வரும் வழி எப்படிப்பட்டது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியுமா? அறுவடைக் காலத்தில் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து பைக்கில் வந்து பாருங்கள். களம் போதாமல் ரோட்டின் ஒரு பாதியில் நெல் காயும். ஓரத்தில் வண்டி ஏறிவிடாமல் இருக்கக் கருங்கல்லை வரிசையாக வைத்திருப்பார்கள். எதிரே டவுன் பஸ், பின்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர், கால் பக்கத்தில் ஒருத்தருடைய ஆறு மாத உழைப்பு. ஹாரன் அடிக்க மனசு வருமா? நெல் கொள்முதல் நிலையத்துக்குப் பக்கத்தில் மூட்டை ஏற்ற நிற்கும் லாரி வேறு. எட்டு மணி வண்டியைத் தவறவிட்டவன் மேல் எனக்குக் கோபமே வராது.

சாயங்காலம் திரும்பும்போது வேறொரு சங்கதி. சம்பாப் பயிர் பச்சையாக நிற்கும் நாட்களில் விளக்கைப் போட்டதும் படை படையாகப் பறந்து வந்து முகத்தில், கண்ணில், சட்டைக் காலருக்குள் புகும் குட்டிப் பச்சைப் பூச்சி என்ன தெரியுமா? பச்சைத் தத்துப்பூச்சி! நெல்லின் சாற்றை உறிஞ்சுவது, துங்ரோ என்ற வைரஸ் நோயை வயலுக்கு வயல் சுமந்து போவது. சென்னைக்காரனுக்கு ஹெல்மெட் கண்ணாடி புகைக்காக; பூதலூர்க்காரனுக்கு இந்தப் பூச்சிக்காக. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டுகிற தம்பிகள் தயவுசெய்து இறக்கிவிட்டு ஓட்டுங்கள். கண்ணில் ஒன்று விழுந்தால் அந்த நொடியில் வாய்க்கால் பாலம் தெரியாது.

வாய்க்கால் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தப் பக்கம் ஓடும் புது ஆறு எவ்வளவு புதியது தெரியுமா? கல்லணைக் கால்வாய் என்று அரசுத் தாளில் இருக்கும் அது, மேட்டூர் அணை முடிந்த அதே 1934-ல் வந்தது. 148 கிலோமீட்டர் நீளம், மனிதர்கள் வெட்டிய ஆறு! சென்னையில் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931. ஆக, மாம்பலத்தில் மின்சார வண்டி பிடித்து ஆபீஸ் போன முதல் தலைமுறையைவிட இளையது பூதலூரின் புது ஆறு. அந்த மின்சார வண்டியை ஓட்டியதும் இங்கே பாசஞ்சர் ஓட்டியதும் ஒரே கம்பெனி, திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னிந்திய ரயில்வே!

சென்னையிலேயே தங்கிவிட்ட பிள்ளைகளின் கதை தனி. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்ததிலிருந்து ஓ.எம்.ஆர். பக்கம் போனவர்கள் அவர்கள். பொங்கலுக்கு ஊர் வர எப்போது டிக்கெட் எடுக்க வேண்டும்? முன்பதிவு 120 நாளாக இருந்தது. 2024 நவம்பரிலிருந்து 60 நாள். அதாவது நவம்பர் நடுவில், காலை எட்டு மணிக்கு, போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வயலில் பயிருக்குக் கதிரே வந்திருக்காது, அறுவடைப் பண்டிகைக்கு டிக்கெட் தீர்ந்திருக்கும்! பஸ் என்றால் 2023 டிசம்பர் 30-ல் திறந்த கிளாம்பாக்கம் முனையம். 88 ஏக்கர், பிரமாண்டம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சோழிங்கநல்லூரிலிருந்து அங்கே போய்ச் சேர்வதே ஒரு பிரயாணம்.

பெண்களுக்கு ஒரு பெரிய மாற்றம் நடந்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. சென்னைக்கு மட்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். பூதலூர் டவுன் பஸ்ஸுக்கும் அதேதான். தஞ்சாவூர் ஜவுளிக்கடையில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு மாதக் கடைசியில் கையில் நிற்கும் அந்தப் பஸ் காசு என்ன மதிப்பு என்று அவரைக் கேட்டால்தான் தெரியும்.

இப்போது காற்று கொஞ்சம் கிழக்கேயும் திரும்புகிறது. 2024 செப்டம்பரில் தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியில் சின்ன டைடல் பூங்கா திறந்தாயிற்று, 55,000 சதுர அடி. பூதலூரிலிருந்து தஞ்சை ஜங்ஷன் ஆலக்குடி தாண்டினால் வந்துவிடும். அங்கே வேலை கிடைத்த பிள்ளை வீட்டுச் சாப்பாட்டோடு போய், வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பலாம். அதற்கு வேண்டியது இரண்டே இரண்டு: ஷிப்ட் முடியும் நேரத்துக்கு ஒரு பாசஞ்சர், அது வந்து சேரும்போது ரயிலடியில் திருக்காட்டுப்பள்ளிக்கு ஒரு டவுன் பஸ். நேர அட்டவணை எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைத்து எழுத வேண்டும்.